அச்சமூட்டலும் அறிவுரையும்

பிள்ளைகளுக்கு நன்மை தீமைகளை எடுத்துரைத்தல் பெற்றோரின் கடமை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதனை எவ்வாறு எடுத்துரைத்தல் வேண்டும் என்பதிலேயே அறவியற் சிக்கல் எழுகின்றது. தீங்கிலிருந்து பிள்ளையைக் காக்கும் நோக்குடன் உண்மையை மிகைப்படுத்திக் கூறலாமா? பதின்வயதினரிடையே பரவிய இலத்திரனியல் சிகரெற் இவ்வினாவைப் பெற்றோர் முன் நிறுத்தியுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

இன்றைய வடிவிலான இக்கருவியை 2003ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர் ஹொன் லிக் என்னும் சீன மருந்தாளர். புகையிலையை எரிக்காது, நிக்கொற்றின் கலந்த திரவத்தைச் சூடாக்கி, அதன் நுண்துளிகளை உள்ளிழுக்கச் செய்வதே அதன் இயக்கம். 2015இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஜூல் என்னும் கருவியின் திரவத்தில் நிக்கொற்றினுடன் பென்சோயிக் அமிலமும் சேர்க்கப்பட்டிருந்தது. அதனால் தொண்டைக் கரகரப்புக் குறைந்தது. புகைத்தறியாத இளைஞரும் மிகுந்த நிக்கொற்றினை எளிதில் உட்கொள்ளலாயினர். 2018இல் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவருள் ஐவரில் ஒருவருக்கு மேற்பட்டோர், முந்திய 30 நாள்களுள் ஒருமுறையேனும் இதனைப் பயன்படுத்தியிருந்தனர். 2019இல் இத்தொகை நூற்றுக்கு 27.5 ஆகியது. 2024இல் அது 7.8 ஆகக் குறைந்ததெனினும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

2019இல் அந்நாட்டில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தியோர் பலர் கடுமையான நுரையீரற் பாதிப்புக்கு உள்ளாயினர். 2020 பெப்ரவரி வரையில் 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 68 பேர் இறந்தனர். அச்சங் கொண்ட பெற்றோர்க்கு இது வலிய சான்றாகத் தோன்றுதல் இயல்பே. ஆனால் அந்நோயாளருட் பெரும்பாலோர் கஞ்சாவின் போதைக்கூறு அடங்கிய திரவங்களைப் பயன்படுத்தியவர்கள் என்பதும், அவற்றிற் கலந்திருந்த விற்றமின் ஈ அசிற்றேற்று என்னும் பொருளே நோயுடன் நெருங்கிய தொடர்புடையது என்பதும் பின்னர் தெளிவாயின. இவ்வேறுபாட்டை மறைத்து, "ஒருமுறை இழுத்தாலும் சாவு" என்று கூறும் தந்தை அன்பினாலேயே அவ்வாறு கூறுகின்றார். அவ்வன்பு அக்கூற்றை நியாயப்படுத்துமா?

எந்நிலையிலும் பொய் தகாது என்றார் கான்ற். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று இடங்கொடுத்தவர் வள்ளுவர். எனினும் வள்ளுவர் விதித்த நிபந்தனை எளியதன்று. விளையும் நன்மை குற்றமற்றதாதல் வேண்டும். உடன் பயிலும் தோழன் ஓராண்டாக இழுத்தும் நலமாகவே நடமாடுவதைக் காணும் மகனுக்குத் தந்தையின் கூற்று அன்றே பொய்த்துவிடுகின்றது. அப்பொய்யுடன் அவர் கூறிய உண்மைகளும் மதிப்பிழக்கின்றன. நிக்கொற்றின் வளரும் மூளையைப் பாதிக்கும், பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்பன அவ்வுண்மைகள். ஆகவே, காக்க எழுந்த பொய் காவலையே தகர்த்துவிடுகின்றது. கான்றைப் போற்றுவோர் மட்டுமன்றி, வள்ளுவரின் சலுகையை நாடுவோரும் இதனை ஏற்க இயலாது.

உண்மை முழுமையாகக் கூறப்படுதலும் வேண்டும். புகைப்பழக்கம் உடைய முதியவர் சிகரெற்றை முற்றாகக் கைவிட்டு இதற்கு மாறின் அவருக்கு நேரும் தீங்கு குறையும் என்பது மருத்துவர் பலரின் கருத்து. பெற்றோர் மறைத்தாலும் பிள்ளை இதனை அறிந்துகொள்ளும். ஊன்றுகோல் முடவனுக்குத் துணை. நடக்க வல்லவனுக்கு அதனாற் பயனில்லை. புகைத்தறியாத பிள்ளை ஒப்பிட வேண்டியது சிகரெற்றின் புகையுடன் அன்று, தூய காற்றுடனேயே என்று விளக்குவதே நேர்மையான விடை.

"என் உடல், என் விருப்பம்" என்பது இளைஞரின் வாதம். தனிமனித சுதந்திரத்தை வலியுறுத்திய ஜோன் ஸ்ருவேட் மில் 1859இல் வெளியிட்ட நூலில், தம் கொள்கை முதிர்ச்சி எய்தியோர்க்கே உரியது என வரையறுத்தார். ஆயினும் "நீ சிறுவன்" என்னும் விடை சில ஆண்டுகளுக்கே செல்லும். ஒருவன் தன்னை அடிமையாக விற்கும் உரிமை சுதந்திரத்துள் அடங்காது என்று மில் அந்நூலிற் காட்டிய நியாயமே ஆழமானது. நிக்கொற்றின் தாக்குவது உடலை மட்டுமன்று, தெரிவு செய்யும் ஆற்றலையுமே. இன்று விரும்பி இழுப்பவன் நாளை விரும்பாமலும் இழுக்கின்றான். எனவே பெற்றோர் பேசுவது பிள்ளையின் சுதந்திரத்துக்கு எதிராக அன்று, அதன் சார்பாகவே.

தாமே புகைக்கும் தந்தைக்கு அறிவுரை கூறும் தகுதி உண்டோ எனின், உண்டு. கூற்றின் உண்மை கூறுவோனின் ஒழுக்கத்திற் தங்குவதன்று. ஆனால் தம் நிலையை மறைத்துக் கூறுபவரிடம் பிள்ளை போலித்தனத்தையே காணும். "விட முயன்றேன், இயலவில்லை" என்று ஒப்புக்கொள்ளும் தந்தையின் சொல், எந்த எச்சரிக்கை வாசகத்தினும் வலிமை உடையது.

சுதந்திரத்தின் சார்பாகப் பேசுவோர் அதனை மதிக்கும் முறையிலேயே பேசுதல் வேண்டும். புத்தகப் பையைச் சோதித்தும் அதட்டியும் பெறப்படுவது கீழ்ப்படிவு மட்டுமே. அது பெற்றோரின் கண்பார்வை எட்டும் வரையே நிற்கும். பிள்ளை எதனை அறிந்துள்ளது, எதனால் ஈர்க்கப்படுகின்றது என்பவற்றைக் கேட்டறிந்து காரணங்களை முன்வைத்தால், பெற்றோர் அருகில் இல்லாத இடத்திலும் அக்காரணங்கள் பிள்ளையுடன் செல்லும். அவ்வாறு செய்த பின்னரும் பிள்ளை தவறலாம். தவறிய பின்னர் உதவி நாடித் திரும்பி வருவதற்கு, தன்னிடம் ஒருபோதும் பொய் உரைக்காத ஒருவர் வீட்டில் இருத்தல் வேண்டும்.