கடைமடைக்காரன்

குற்றம் ஒருவனுடையதாக இருந்தால் ஊர் கூடிப் பஞ்சாயத்து வைக்கிறது. கோடிக்கணக்கான பேருடையதாக இருந்தால் அதைக் குற்றம் என்று சொல்லவே நாக்கு எழுவதில்லை. "காலம் அப்படி" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொள்கிறோம்.

கங்கோத்திரியிலிருந்து 18 கிலோமீட்டர் நடந்தால் கோமுகம். பாகீரதி பிறக்கும் இடம். சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள பனியாற்றின் வாய் அது. 1935-லிருந்து அந்த வாய் இருக்கும் இடத்தை அளந்து வருகிறார்கள். 1996-க்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. நானும் ஒரு முறை போனேன். பனியைவிட அது விட்டுப்போன நிலந்தான் மனத்தில் தங்கிற்று. கல், கல், மேலும் கல். மாவாய் அரைத்த மண்ணும் வீட்டளவு பாறையும் வகைதொகை இல்லாமல் கிடக்கின்றன. தண்ணீரானால் கனம் பார்த்துப் பிரித்துப் போடும். மணல் ஓரிடம், கூழாங்கல் ஓரிடம். பனிக்கு அந்தப் பேதம் கிடையாது. சுமந்ததை அப்படியே போட்டுவிட்டுப் போகிறது. பாறைகளின் முதுகில் உழவுசால் போல நீளக் கீறல்கள். அழகு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. குடிபெயர்ந்தவர் வீட்டு வாசலில் நிற்பது போலிருந்தது.

பனி பின்வாங்குவது புதிதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கேதார்நாத் நிற்பதே ஒரு காலத்தில் பனியாறு விட்டுப்போன மண்ணின் மேல். அதற்கு மேலே சோராபாரிப் பனியாற்றின் ஓரம், கற்குவியல் தேக்கிய ஏரி 2013 ஜூன் 17-ல் பெருமழையில் உடைந்து ஊரை வாரிக்கொண்டு போயிற்று. அதற்கு நம் புகையை மட்டும் பொறுப்பாக்குவது நேர்மையாகாது. ஆனால் பனி உருகும் இன்றைய வேகத்தில் நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த மனிதன் கை இருக்கிறது.

சாயத்தண்ணீர் நொய்யலைக் கெடுத்தபோது கை நீட்டிக் காட்டத் திருப்பூரில் பட்டறைகள் இருந்தன. 2011-ல் உயர்நீதிமன்றம் அவற்றை மூடச் சொல்லிற்று. கோமுகத்துக்காக எந்தப் பட்டறையை மூடுவது? என் வீட்டு விளக்கையுமல்லவா அணைக்க வேண்டும்!

"ஏனுங்க, என் பங்கு ஒரு துளி. துளியில என்ன பாவமுங்க?" என்கிறார் நண்பர்.

அவருக்குக் கொமரலிங்கம் ராஜவாய்க்காலைத்தான் காட்டினேன். எங்கள் அமராவதிக்குப் பனி கிடையாது, மழைதான்; ஆனாலும் கணக்கு ஒன்றே. தலைமடைக்காரர் ஒவ்வொருவரும் மடையை நாலு விரல் கூடத் திறந்தால் யாரும் திருடியதாகத் தெரியாது. கடைமடையில் பயிர் காயும். அவன் மண்வெட்டியோடு கரையேறி வந்து நாலு கேள்வி கேட்பான். தலைமடையின் தர்மத்தில் பாதி அந்தப் பயந்தான்.

பனியாற்றில் இன்னொரு வஞ்சகம் உண்டு. உருகும்போது முதலில் தண்ணீர் கூடுகிறது, குறைவது பிற்பாடு. விதைநெல்லைக் குத்திச் சாப்பிடும் வீட்டிலும் அடுப்பு நன்றாகத்தான் எரியும். கங்கை வற்றிவிடும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. சமவெளியில் அதற்கு மழை பெரிய துணை. மலைக்கிராமங்களுக்குக் கோடையில் அந்தத் துணை இல்லை. அங்கே பஞ்சம் வரும் நாளில் மடையைத் திறந்த நாம் இருக்கமாட்டோம். மண்வெட்டி எடுக்க வேண்டியவனோ இன்னும் பிறக்கவில்லை.

"பிறக்காதவனுக்கு என்னங்க பாத்தியதை?" என்றார் நண்பர்.

போன ஆடியில் அவர் நூறு தென்னம்பிள்ளை நட்டார். பேரன் காய் பறிப்பானாம். மகனுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை.