கிரகணமும் வாய்மையும்

அணுவிரதங்கள் ஐந்தனுள் கொல்லாமையைப் போற்றும் அளவிற்கு வாய்மையை நாம் போற்றுகின்றோமா? உயிர்களுக்குத் தீங்கு செய்யாதிருந்தால் போதுமா? அவை செய்யாத ஒன்றைச் செய்தனவாகச் சொல்லாதிருப்பதும் அவற்றின்பால் நமக்குள்ள கடமையன்றோ? இவ்வினா எமக்கு நூல் கற்கும்போது எழவில்லை. ஒரு சூரிய கிரகணத்தன்று எம் வீட்டுக் கொல்லையில் எழுந்தது.

26.12.2019 அன்று கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி முதலிய பகுதிகளில் வளைய கிரகணம் தோன்றியதை அன்பர்கள் மறந்திரார். தருமபுரி மாவட்டம் அவ்வளையப் பாதைக்கு வடக்கே இருப்பதால் இங்கு வளையம் இல்லை. ஆயினும் காலை 9.30 மணியளவில் கதிரவனில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மறைந்தது. தெருவில் பலர் கதவடைத்து, உணவு கொள்ளாமல் வீட்டினுள் இருந்தனர். அரையாண்டு விடுமுறைக்குப் பென்னாகரத்தை அடுத்த எம் ஊருக்கு வந்திருந்த பெயர்த்தியோ, கொல்லையில் குறிப்பேட்டுடன் அமர்ந்துவிட்டாள். காகம், பசு, முருங்கைப் பூவை மொய்க்கும் தேனீ ஆகியவை என்ன செய்கின்றன என்று பத்து நிமிடத்திற்கு ஒருமுறை எழுதுவது அவள் ஏற்ற பணி.

ஒளி மங்கிற்று, காற்றில் சிறிது குளிர்ச்சி. பசு அசைபோட்டபடியே இருந்தது. தேனீக்கள் பூவை விட்டு அகலவில்லை. அவள் ஒவ்வொரு வரியிலும் "மாற்றமில்லை" என்றே எழுதினாள். அப்போது வேப்பமரத்தின் அடியில், இலையிடுக்குகளின் வழியே விழுந்த ஒளிப்புள்ளிகள் யாவும் பிறைகளாகக் கிடப்பதைக் கண்டோம். களிப்பு மிகுந்து, கை தட்டி அண்டை வீட்டாரை அழைத்தோம். மரத்திலிருந்த காகங்கள் கரைந்துகொண்டு பறந்தன. "கிரகண இருளில் காகங்கள் மருண்டன என்று எழுது அம்மா" என்றோம். அவள் எழுதியதைப் பின்னர் பார்த்தோம்: "தாத்தா கை தட்டினார். காகங்கள் பறந்தன."

எமக்கு நாணமாயிற்று. ஆனால் இத்தவறு எமக்கு மட்டும் உரியதன்று. 21.8.2017 அன்று அமெரிக்காவில் முழுக் கிரகணம் நிகழ்ந்தபோது, தென் கரோலினா மாநிலத்து விலங்குக்காட்சிசாலை ஒன்றில் 17 வகை உயிர்களைக் கண்காணித்தனர். கொரில்லாக்கள் இரவுக் கூடத்தை நோக்கிச் சென்றன, ஒட்டகச்சிவிங்கிகள் ஓடின. அவை அஞ்சியது இருளுக்கா, அங்குத் திரண்டிருந்த மக்களின் ஆரவாரத்திற்கா என்று ஆய்வாளர்களே ஐயுற்றனர். அச்சம் விளைவித்தவர் நாமாயிருக்க, பழியைக் கதிரவன்மீது சுமத்துவது இரட்டைக் குற்றம். கொல்லாமையும் வாய்மையும் ஒருங்கே குறைபடும் இடம் அது.

பொதுமக்களின் குறிப்புகளை நம்பி நடந்த ஆய்வுகள் புதியனவல்ல. 31.8.1932 கிரகணத்தின்போது, எறும்பினங்களை ஆராய்ந்து புகழ்பெற்ற வில்லியம் மார்ட்டன் வீலரும் உடனுழைத்தோரும் நியூ இங்கிலாந்துப் பகுதி மக்களிடம் குறிப்புகளை வேண்டிப் பெற்று, 1935-இல் தொகுத்து வெளியிட்டனர். இத்தகைய முயற்சிக்கு முதற்பொருள் எளியோரின் சொல்தான். பறவைகள் கூடடையும் என்று எதிர்பார்த்து அமர்ந்தவனின் கண்ணுக்கு எப்பறவையும் கூடடைவதாகவே தோன்றும். எதிர்பாராதவனோ எழுதவே மாட்டான். "ஒன்றும் நிகழவில்லை" என்பதும் ஒரு செய்தி என்று கருதுவோர் எத்துணைப் பேர்?

பெயர்த்தியின் "மாற்றமில்லை" என்பதன் மதிப்பு எமக்குப் பின்னரே விளங்கிற்று. அதே 2017 கிரகணத்தில் மிசௌரிப் பல்கலைக்கழகத்துக் கேண்டஸ் கேலனும் பள்ளிச் சிறுவர் பலரும் சேர்ந்து, 16 இடங்களில் பூக்களினருகே சிறு ஒலிவாங்கிகளை வைத்துத் தேனீக்களின் ரீங்காரத்தைப் பதிந்தனர். ஒரு தேனீயையும் பிடிக்கவில்லை, தொடவில்லை. இம்முறை எம் மனத்திற்கு மிகவும் உகந்தது. கதிரவன் பெரும்பகுதி மறைந்தபின்னும் தேனீக்கள் பறந்துகொண்டேயிருந்தன. முழுதும் மறைந்த கணத்தில் ரீங்காரம் அறவே நின்றது. அத்தனை இடங்களிலும் சேர்த்து முழுமறைவில் கேட்டது ஒரே ஒரு முறைதான். வண்டினத்தை நம் முன்னோர் கண்ணுடைய நாலறிவுயிராக வகுத்ததை இங்கு நினைக்கலாம். பத்தில் ஒரு பங்கு வெயிலே முழுநிலவொளியினும் பல்லாயிரம் மடங்கு மிகுதியானது. தருமபுரியின் தேனீக்கள் முருங்கைப் பூவை விட்டு ஏன் போகவேண்டும்?

21.5.2031 அன்று தென் தமிழகத்தில் மீண்டும் வளைய கிரகணம் தோன்றும். நம் மாவட்டத்தில் பகுதி கிரகணமே. அக்குறிப்பேட்டின் எஞ்சிய தாள்களைப் பெயர்த்தி அன்றைக்கென்று வைத்திருக்கிறாள். நாமும் உடனிருந்தால் அவளுக்குப் பத்தடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு அமர்வதாக ஒப்புக்கொண்டுள்ளோம்.