அலை வராத நாள்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டு நாவலடி. 2004 டிசெம்பர் 26இல் இந்து சமுத்திரத்தில் சுனாமி எச்சரிக்கை முறையே இல்லை. கரையில் நின்றவர்களுக்குக் கண்முன் தெரிந்த கடல் மட்டுமே தகவல். பேரலை வந்து ஊர் அழிந்தது.

2012 ஏப்ரல் 11 பிற்பகல், சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. இம்முறை எச்சரிக்கை வந்ததும் கரையோரச் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலம் தேடி ஓடினார்கள். கடற்தரை பெரும்பாலும் பக்கவாட்டிலேயே நகர்ந்ததால் பேரலை எழவில்லை. அதைக் கரையில் நின்று அறிய வழியில்லை.

எளிதில் நினைவுக்கு வருவதையே நிகழக்கூடியதென மனம் எடைபோடும் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1973இல் விளக்கினர். அதைத் தவறென்று மட்டும் சொல்வது நியாயமன்று. உறவுகளைக் கடலுக்குக் கொடுத்தவர்களுக்கு, ஆற அமர யோசிக்க நேரமில்லாத அந்தப் பிற்பகலில், அச்சமே கையிலிருந்த நல்ல தகவல்.