அளவுகோலும் அறமும்

மனிதனின் உடலை அளந்து அவன் மதிப்பை அறிய முடியுமா? விக்டோரியா அரசியார் காலத்து மேனாட்டறிஞர் பலர் முடியும் என்றே நம்பினர். மண்டையின் அகலத்தையும் மூக்கின் நீளத்தையும் கருவிகொண்டு அளந்து, மக்களை உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் எனப் படிவரிசையில் நிறுத்தினர். மானிடவியல் என்னும் பெயரால் அந்நாளில் வளர்ந்த கலையின் ஒரு கூறு இது.

அக்கலை நம் நாட்டிலும் வேரூன்றியது. 1886-ல் பம்பாயில் மானிடவியல் கழகம் தோன்றியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை விளங்கிய எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுச் சாதியினர் பலரை அளந்து குறித்தார். அவருடைய நூல் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. வங்காளத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினார். அவ்வெண் குறையக் குறையச் சாதியின் படி உயரும் என்பது அவர் முடிபு. 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நடத்தும் பொறுப்பு அவரிடமே வந்தது. சாதிகள் சமூக மதிப்பின்படி வரிசையிடப்பட்டன.

தீண்டாமைக்கு இனவேறுபாடே காரணம் என்ற கொள்கை நிலவிற்று. அண்ணல் அம்பேத்கர், தீண்டத்தகாதவர் பற்றி 1948-ல் வெளியிட்ட ஆங்கில நூலில், அத்தகைய அளவைகளைக் கொண்டே அதனை மறுத்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குர்யே ஆராய்ந்த அளவைகளை எடுத்துக்காட்டி, பிராமணரும் தீண்டத்தகாதவர் எனப்பட்டோரும் ஓரினத்தவரே என்று நிறுவினார்.

அன்பர்களே, ஈண்டு ஒரு வினா எழுகின்றது. அளவைகள் வேறாக இருந்திருப்பின் தீண்டாமை நியாயமாகிவிடுமா? ஆகாது. பொய்க் கணக்கை மெய்க் கணக்கால் திருத்துதல் அறிவின் கடமை. அண்ணல் அதனைச் செய்தார். ஆயினும் மனிதனின் உரிமை எந்தக் கணக்கின் விடைக்காகவும் காத்து நிற்பதன்று.

சுத்தநிபாதத்தில் வாசெட்டன் என்னும் இளைஞனுக்குப் பகவன் இதனையே விளக்குகின்றார். புல்லுக்கும் பூச்சிக்கும் பறவைக்கும் பிறவியால் வேற்றுமைக் குறிகள் உண்டு. மனிதரின் தலையிலோ கண்ணிலோ மூக்கிலோ அத்தகைய குறி இல்லை. ஒருவனை உழவனாகவும் கள்வனாகவும் ஆக்குவது அவன் செயலே என்கிறார்.

இன்று டோம்பிவிலியில் வாடகைக்கு வீடு தேடும் தமிழனின் மூக்கை எவரும் அளப்பதில்லை. ஆனால் ஊரைக் கேட்டு, உணவைக் கேட்டு, அவற்றின் வழியே சாதியை அறிய முயல்வோர் உளர். அது நமக்கு வருத்தம் தருகின்றது. நம் வீட்டில் மணப்பேச்சு எழும்பொழுது நாம் முதலில் கேட்பது என்ன? வந்தவரின் ஒழுக்கத்தையா, பிறப்பையா? பிறப்பையே கேட்போமாயின், ரிஸ்லியின் அளவுகோல் நம் கையில்தான் இருக்கின்றது.