காசு கொடுத்த தண்ணீர்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், கோடை வந்தால் சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழாமல் இருக்காது: "மாசாமாசம் மெயின்டெனன்ஸ் கட்டுறோம். லாரித் தண்ணிக்கும் சேர்த்துத்தானே? அப்புறம் எத்தனை பக்கெட்டுல குளிக்கணும்னு யார் சொல்றது?" இதைத் திமிர் என்று தள்ளிவிடலாம். ஆனால் இதில் ஒரு நியாயமும் ஒளிந்திருக்கிறது. யாரும் திருடவில்லை. விலை கேட்டார்கள், கொடுத்தாயிற்று. காசு போட்டு வாங்கிய அரிசியை வடித்துக் குப்பையில் கொட்டினாலும் அக்கம்பக்கம் முணுமுணுக்கும், அவ்வளவுதான். தண்ணீருக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு?

லாரி கிளம்பும் இடத்துக்குப் போனால் விடை கிடைக்கும். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில், வயல் கிணற்றிலும் போர்வெல்லிலும் மோட்டார் போட்டு ஏற்றிய தண்ணீர்தான் நகரத்துக்குத் தனியார் லாரிகளில் வந்து சேர்கிறது. காசு கிணற்றுக்காரருக்கும் லாரிக்காரருக்கும் போகிறது. ஆனால் நிலத்தடி நீருக்கு வரப்பு தெரியாது. ஒரு மோட்டார் இராப்பகலாக ஓடினால் பக்கத்து வயலின் ஆழமில்லாத கிணறு வற்றுகிறது. நிலமே இல்லாத கூலிக்காரர் தெருவில் கைபம்பு வெறும் காற்றைத் தள்ளுகிறது. விற்றவரும் வாங்கியவரும் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். இவர்கள் இருவருக்கும் வெளியே நின்று இழந்தவர்களுக்கு யாரும் ஒரு பைசா தரவில்லை. காசு கொடுத்தது உண்மைதான்; கொடுக்கவேண்டியவர்களில் சிலருக்கு மட்டும் கொடுத்திருக்கிறோம்.

சொந்த போர்வெல் வைத்திருப்பவர் இதைவிட உறுதியாகப் பேசுவார். சட்டமும் நெடுங்காலமாக அவர் பக்கம்தான். தன் நிலத்துக்கு அடியில், வரையறுத்த ஓட்டமாகப் பாயாத நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துப் பயன்படுத்தும் உரிமையை 1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டம் நில உரிமையாளருக்குத் தருகிறது. அது ஏற்றத்தாலும் மாடு பூட்டிய கவலையாலும் நீர் இறைத்த காலத்துச் சட்டம். மாட்டுக்கும் ஆளுக்கும் களைப்பு வரும். அந்தக் களைப்பே ஓர் அளவு வைத்தது. சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் களைப்பில்லை. சென்னைப் பகுதிக்கென்று 1987-இல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது இந்த நிலைமையில்தான். வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகள் அளவுமீறி இறைத்ததில் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்து கிணறுகள் உப்பாகிப் போயின. உப்பு ஏறிய கிணற்றில், இறைத்தவர் யார், இறைக்காதவர் யார் என்ற பேதம் இல்லை.

"நாட்டின் தண்ணீரில் பெரும்பங்கு விவசாயத்துக்குப் போகிறது. குளியலறையில் ஒரு பக்கெட் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. மொத்தக் கணக்கில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் தாகம் மொத்தக் கணக்கில் வருவதில்லை, ஊர் ஊராக வருகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய குடிநீர் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் நகரத்தில் அது தலைக்கு அரை லிட்டர்கூட ஆகாது. பழைய ஃப்ளஷ் தொட்டியை ஒருமுறை அழுத்தினால் பத்து லிட்டர் போகிறது. அதாவது, இருபது பேருக்கு மேற்பட்டோரின் ரயில் பங்கு ஓர் அழுத்தலில் சாக்கடைக்குப் போகிறது. இதை அற்பம் என்று சொல்லத் துணிவு வேண்டும்.

சிக்கனத்தை யாரிடம் கேட்கிறோம் என்பது இதைவிடச் சங்கடமான கேள்வி. பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளிடம்தான் "குழாயைத் திறந்து விட்டுட்டுத் தேய்க்காதே" என்று முதலில் சொல்லப்படுகிறது. அவர் தன் தெருவில் லாரிக்குக் காத்திருந்து, நெரிசலில் குடம் நிரப்பி, மாடிப்படி ஏற்றிவிட்டு வருபவராக இருக்கலாம். ஒரு குடம் தண்ணீரின் எடை இடுப்புக்குத் தெரிந்தவருக்கு இந்தப் பாடம் தேவையா? சொல்பவர் வீட்டிலோ ஷவர் ஓடுகிறது, ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது, அதைப் பிடித்துத் தரை துடைக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மோட்டாரை அணைக்க மறந்து மாடித் தொட்டி வழிகிறது. நகரவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் திட்ட அளவு. அதை எட்டவே முடியாதவரிடம் சிக்கனம் பேசுவது அறமாகாது. அதற்கு மேல் செலவழிக்கும் வீட்டிடம்தான் கேட்க வேண்டும்.

குறைவாக எடுப்பது பாதிக் கடமைதான். எடுத்ததைத் திருப்பி வைக்கவும் வேண்டும். 2003-இல் தமிழ்நாட்டில் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அன்று போட்ட குழாய்களில் பல இன்று பேருக்கு நிற்கின்றன. உறிஞ்சுகுழியில் மண் அடைத்துக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் குழியைத் தூர்வார அரை நாள் வேலை போதும். ஆனாலும் செய்வதில்லை. இறக்கிய மழை நம் போர்வெல்லுக்கே வரும் என்ற உத்தரவாதம் இல்லை, பக்கத்து வீட்டுக்கும் ஊறிப் போகும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அப்படிப் போனால்தான் என்ன? அண்டை வீட்டு நீரை நம் மோட்டார் இத்தனை வருடம் கேட்காமலே இழுத்திருக்கிறதே.

இப்போது பல குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கிறார்கள். நல்லதுதான், மீட்டர் இல்லாத இடத்தில் சிக்கனக்காரர் ஊதாரியின் பில்லைச் சேர்த்துக் கட்டுகிறார். ஆனால் மீட்டருக்கு அளவு மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது. படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கும் வீட்டில் நாளைக்கு மூன்று முறை துணி அலச வேண்டியிருக்கும். தனியாக வாழும் பணக்காரர் தொட்டிக் குளியலுக்கு எவ்வளவு விலை வைத்தாலும் கட்டிவிடுவார். வீட்டுக்கு இத்தனை என்று வைக்காமல் தலைக்கு ஓர் அளவு வரை குறைந்த கட்டணம், அதற்கு மேல் செங்குத்தாக ஏறும் கட்டணம் என்று வைப்பதே நியாயம். நோயாளி இருக்கும் வீட்டுக்குக் கூடுதல் அளவு தரவேண்டும். அதைச் செயலாளர் தானாகப் போய்க் கேட்டு முடித்துவிட வேண்டும். கூட்டத்தில் எழுந்து நின்று பாட்டியின் நிலையை விவரிக்கும்படி அந்த வீட்டாரை வைக்கக் கூடாது.