தொழிற்கூடத்தில் ஒற்றுமை

சென்ற ஞாயிறன்று போபோடியில் நாம் உரையாற்றி முடித்தபின், பிம்பிரிப் பட்டறையொன்றில் வேலை செய்யும் இளைஞர் சிலர் நம்மை அணுகினர். "ஐயா, எங்கள் பிரிவில் பன்னிரண்டு பேர். ஒருவர் பிழையை மற்றவர் திருத்துவதில்லை. காட்டிக் கொடுக்கவே காத்திருக்கிறோம். மேலாளர் மாதந்தோறும் ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறார், பயனில்லை. ஒருவரையொருவர் வெறுப்பவர் கூடி உழைப்பது எங்ஙனம்?" என்று வினவினர்.

நாமும் ஆலையின் நூற்புப் பகுதியில் நெடுங்காலம் நின்றவரே. முந்திய ஷிப்டார் அறுந்த இழைகளை இணைக்காமல் விட்டுச் செல்வர். அவற்றை இணைப்பதிலேயே நமது முதல் அரைமணி கழியும். அக்கோபத்தில் நாமும் அவ்வாறே விட்டுச் சென்றோம், மறைப்பானேன்? நம்மை வருத்தியவரை அது வருத்தவில்லை. ஒரு பிழையும் செய்யாத மூன்றாம் ஷிப்டாரின் தலையிலேயே விழுந்தது. பின்னர் நமக்கு முந்திய ஷிப்டுக்கு முதியவர் ஒருவர் மாற்றலாகி வந்தார். எல்லா இழைகளையும் இணைத்து, எந்திரத்தைத் துடைத்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போவார். எட்டாம் நாள் நமக்கு வெட்கமாயிற்று.

கோசாம்பியில் பிக்குகள் இரு பிரிவாய்ப் பிளவுண்ட கதையை நீவிர் அறிவீர். கழிவிடத்துப் பாத்திரத்தில் எஞ்சிய சிறிது நீரே அப்பூசலுக்கு வித்து என்று உரைநூல் கூறும். பகவன் புத்தர் அறிவுறுத்தியும் அவர்கள் கேட்கவில்லை. அவ்விடம் நீங்கிய பகவன், அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் ஆகிய மூவர் வாழ்ந்த வனத்தை அடைந்தார். அங்கும் ஒரு நீர்க்குடம் உண்டு. பிச்சையேற்று முதலில் திரும்புபவர் இருக்கையிட்டு நீர் வைப்பார். கடைசியில் வருபவர் இடத்தைப் பெருக்குவார். குடம் வெறுமையாயிருக்கக் கண்டவர் அதை நிரப்புவார். தனியே தூக்க இயலாவிடில் கையசைத்து மற்றொருவரை அழைப்பார். அன்பு முந்தியதா, குடம் நிறைத்தல் முந்தியதா என்று நாம் பலநாள் எண்ணியதுண்டு. ஆலையில் நாம் கண்டவரை குடமே முந்தியது.

ஆயினும் அக்குடத்தைத் தொடும் உரிமை மூவருக்கும் இருந்தது. ஒருவருக்கு அவ்வுரிமை இல்லையெனில்?

பம்பாய் ஆலைகளில் கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் தீண்டப்படாதோர் எனப்பட்டோருக்கு இடமில்லை. தார் மாற்றும்போது ஊடை நூலின் நுனியை நாடாவின் துளைவழியே வாயால் உறிஞ்சி இழுப்பது அந்நாளைய வழக்கம். எல்லோர் எச்சிலும் பட்ட நாடாவில் இவர் எச்சில் மட்டும் தீட்டாயிற்று! 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது, இத்தடையை நீக்குவதும் கோரிக்கைகளுள் ஒன்றாக வேண்டுமென்று அம்பேத்கர் வற்புறுத்தினார். தொழிற்சங்கத் தலைவர்கள் தயங்கியே இசைந்தனர். அதற்கு ஏழாண்டு முன்னர், 1921இல், சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதி திராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அவர்களைக் கருங்காலிகள் என்று ஏசுவது எளிது. நேற்றுவரை தண்ணீர்ப் பானையருகே விடாதவர் இன்று தோழரே என்றழைத்தால் எவர் நம்புவர்?

இவற்றை அவ்விளைஞர்களிடம் கூறிக்கொண்டிருக்கையில், பன்னிருவருள் நால்வர் ஒப்பந்தக் கூலிகள் என்று ஒருவர் இடையே சொன்னார். அந்நால்வரின் கூலி எவ்வளவு, அவர்கள் எங்கே அமர்ந்து உண்கின்றனர் என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. விசாரித்து அடுத்த ஞாயிறு வந்து சொல்வதாகக் கூறிச் சென்றிருக்கின்றனர்.