அடிப்புறம்

உள்ளங்கையில் ஒரு தேரை. ட்சுகே மரம். இழை நெருக்கமானது. முதலில் குளிர்ச்சி. பிறகு அதுவும் இல்லை.

*

திருப்புகிறேன். அடியிலும் செதுக்கல் நிற்கவில்லை. மடங்கிய பின்னங்கால், விரல்களுக்கு நடுவே சவ்வு, தொண்டையின் தொய்வு. மேசைமேல் வைத்தால் யார் கண்ணிலும் படாத இடம்.

*

வயிற்றோரம் இரண்டு துளைகள். ஒன்று சற்றுப் பெரிது. கயிற்றின் முடிச்சு அதற்குள் மறையும்.

*

எடோ காலத்துக் கிமோனோவில் பை கிடையாது. புகையிலைப் பையும் மருந்துச் செப்பும் கயிற்றில் தொங்குகின்றன. கயிறு இடுப்புப் பட்டைக்குள் நுழைந்து மேலே வருகிறது. அது நழுவாமல் பிடித்துக்கொள்வது நெட்சுகே.

இந்தத் தேரைக்குப் பட்டை இல்லை. தொங்குவதற்கும் ஒன்றுமில்லை. செதுக்கியவர் இன்று வாழ்கிறவர். துளைகளை மட்டும் விடாமல் போட்டிருக்கிறார்.

*

முதுகில் பருக்கள். கடுகைவிடச் சிறியவை.

மழுங்கிய முனையால் மரத்தை அங்கங்கே அழுத்துகிறார்கள். குழி விழுகிறது. சுற்றியுள்ள மரத்தைக் குழியின் ஆழம்வரை சீவுகிறார்கள். இப்போது குழியும் இல்லை, மேடும் இல்லை. பிறகு வெந்நீர். நசுங்கிய இழைகள் நீரைக் குடித்து எழுகின்றன. அதுதான் பரு. உகிபோரி என்கிறார்கள்.

மரத்துக்கு நினைவு உண்டு என்றொரு எண்ணம் வருகிறது. போகிறது. மரம் உப்புகிறது.

*

எலி. வாலைச் சுருட்டி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. காதும் பின்னால் படிந்திருக்கிறது.

அமைதி என்று தோன்றுகிறது. பட்டில் மாட்டக் கூடாது என்பதற்காக வந்த வடிவம். நீட்டிக்கொண்டிருப்பது எதுவோ, அது முதலில் உடையும்.

இரண்டும் இருக்கலாம்.

*

யானையின் பல்லில் ஓர் எலி. விற்பனைக்கு இருக்கிறது. கை நீளவில்லை.

1989இல் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்ய நாடுகள் முடிவெடுக்கின்றன. செதுக்குகிறவர்களின் மேசையில் மரம், மான்கொம்பு, உறைநிலத்தில் கிடந்த மாமூத்தின் தந்தம்.

எனக்கு மரம் போதும்.

*

கியோத்தோ, மிபு. பழைய சாமுராய் வீடு. 2007 முதல் நெட்சுகேக்களுக்கான அருங்காட்சியகம். இக்காலத்தவரின் வேலைகளே அதிகம்.

கண்ணாடிக்குள் விலங்குகள். விரல்கள் தாமாக மடங்குகின்றன. கைக்குள் எதுவும் இல்லை.

*

ஜப்பானின் இளவரசர் தகமதோவும் இளவரசி ஹிசாகோவும் நெட்சுகேக்களை, செதுக்குகிறவர்களில் வாழ்கிறவர்களிடமிருந்து வாங்கிச் சேர்க்கிறார்கள். 2002இல் இளவரசர் மறைகிறார். சேர்த்தவற்றில் ஒரு பகுதி டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வாழ்கிறவர்களிடமிருந்து. அந்தச் சொற்களில் சற்று நேரம் நிற்கிறேன்.

*

பழையவற்றில் மூக்கு தேய்ந்திருக்கிறது. பட்டும் விரலும் தேய்த்தவை. முகம் பாதிதான் தெரிகிறது. கைக்கு அது குறையாகப் படவில்லை.

புதியவற்றில் உளியின் கூர் இன்னும் இருக்கிறது. நரியின் முதுகெலும்பு கட்டைவிரலில் இலேசாகக் கீறுகிறது.

தேய்மானம் இனிமேல்தான். பட்டை இல்லாததால் கைதான் வழி.

*

மெருகுக்குக் காய்ந்த தொகுசாத் தண்டு. முகு மரத்தின் சொரசொரப்பான இலை. துளையின் உள்விளிம்புவரை தேய்த்திருக்கிறார்கள். கயிறு அறுபடாது.

*

கண்ணாடி அலமாரி வாங்கலாம் என்கிறார்கள் வீட்டில். வேண்டாம். கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். எலி, நத்தை, உறங்கும் நரி.

நரியின் முதுகு கொஞ்சம் கருத்திருக்கிறது. நத்தை வாங்கியபடியே இருக்கிறது. அதைக் குறைவாகவே எடுக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.